கரிவண்டியின் காலமும் தீப்பொறியின் நேரமும்

நாஞ்சில் நாட்டின் சாலைப் போக்குவரத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1938 பெப்ரவரி 20ஆம் நாளிலிருந்து தொடங்குவார்கள். திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறை அன்றுதான் தொடங்கப்பட்டது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சால்டர் என்ற ஆங்கிலேயர் பேருந்தை ஓட்ட, சித்திரைத் திருநாள் மகாராஜா அதில் பயணம் செய்தார். அரசு முதலில் கையிலெடுத்த வழித்தடங்களில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலையும் ஒன்று. இங்கிலாந்திலிருந்து வந்த கோமர் அடிச்சட்டங்கள், அவற்றின் மேல் உள்ளூரில் கட்டிய கூண்டு, உள்ளே பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின். அக்கால இந்தியாவுக்கு இது பெரிய துணிச்சல். திவான் சி.பி. ராமசாமி ஐயரின் மற்ற துணிச்சல்களைப் பற்றி நமக்கு வேறு கருத்துகள் உண்டு. இதைக் குறை சொல்ல ஏதுமில்லை.

நாம் இங்கே பேச விரும்புவது அந்தத் திறப்பு விழாவுக்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த, புகைப்படங்களில் அதிகம் இடம்பெறாத ஒரு காலத்தைப் பற்றி. பின்புறம் ஒரு கரி உலையைச் சுமந்துகொண்டு வண்டிகள் ஓடிய காலம் அது. கரிவண்டி என்றும் கரிகேஸ் பஸ் என்றும் மக்கள் சொன்னார்கள். தென் தமிழகத்தின் சாலைகளிலும் திருவிதாங்கூரின் சாலைகளிலும் போர் முடியும்வரை இவை ஓடின. அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் எதைக் கேட்டு, எதைத் திருகி, எப்படி அவற்றை ஏற்றம் ஏற்றினார்கள் என்று ஆராயப் புகுந்தால் அது என்ஜின் அறிவியலின் மிக நுட்பமான ஒரு பகுதிக்கு நம்மைக் கொண்டுசென்றுவிடுகிறது.

முதலில் நிலத்தைப் பார்க்கலாம். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979இல்தான். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரையிலான பாதை அந்த ஆண்டு திறக்கப்பட்டது. திருநெல்வேலியோடு இணைப்பு 1981இல் வந்தது. அதற்கு முன் இந்த நாடு இரண்டு ரயில் நிலையங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி. மேற்கே தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம். எந்தப் பக்கம் போனாலும் எழுபது கிலோமீட்டர் அளவுக்குச் சாலைப் பயணம் உண்டு. தோவாளைப் பூ வாடுவதற்குள் சந்தைக்குப் போகவேண்டும். நெல் போகவேண்டும், மீன் போகவேண்டும், வழக்குக்காரர்களும் மாணவர்களும் நோயாளிகளும் போகவேண்டும். மாட்டுவண்டியை விட்டால் பேருந்தும் லாரியும்தான். ஆகவே பெட்ரோல் நின்றால் இந்த நாடு தீவாகிவிடும்.

பெட்ரோல் ஏறத்தாழ நின்றேவிட்டது. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மாதமே ஏனாஞ்சாவுங் எண்ணெய்க் கிணறுகளைப் பின்வாங்கும் ஆங்கிலேயர்களே அழித்தார்கள். இந்தியாவின் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் பர்மாவே பெரிய ஊற்றாக இருந்தது. மிஞ்சியதைப் படைகள் எடுத்துக்கொண்டன. குடிமக்களின் வண்டிகளுக்குக் கரியைக் காட்டினார்கள்.

கரியிலிருந்து வாயு எடுப்பது புதிய கண்டுபிடிப்பல்ல. ஐரோப்பாவில் முதல் உலகப் போருக்குப் பின்னரே அது வண்டிகளில் ஏறிவிட்டது. போர்க்காலத்தில் ஸ்வீடனில் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. அமைப்பு எளியது. பேருந்தின் பின்புறம் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. மேலே மூடியைத் திறந்து கரியைக் கொட்டுவார்கள். அடியில் தீ. அந்தத் தீக்குப் போதிய காற்றை விடாமல் கொஞ்சமே விடவேண்டும் என்பதுதான் சூட்சுமம். கரி முதலில் எரிந்து கரியமில வாயுவாகும். அது மேலே தணல் அடுக்கின் ஊடே செல்லும்போது இன்னொரு பங்கு கரியைச் சேர்த்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறும். கொஞ்சம் நீராவி சேர்ந்தால் ஹைட்ரஜனும் கிடைக்கும். இவை இரண்டும் எரியும். ஆனால் உள்ளே போன காற்றின் நைட்ரஜன் அப்படியே கூட வரும். வாயுவில் பாதிக்கு மேல் எதற்கும் உதவாத அந்த நைட்ரஜன்தான். பிறகு சூட்டைத் தணிக்கக் குழாய்கள், சாம்பலைப் பிடிக்கத் துணி வடிகட்டி. காலையில் கிளீனர் பையன் ஒரு கைச்சக்கரத்தைச் சுழற்றிக் காற்றூதி உலையை மூட்டுவான். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். வாயு நன்றாக வந்துவிட்டதா என்று ஒரு குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டிப் பார்ப்பார்கள். நிறமற்ற, மணமற்ற நச்சை ஒரு சிறுவன் முகத்தருகே வைத்துச் சோதிக்கும் தொழில் அது. மூடிய கொட்டகைக்குள் உலை மூட்டுவது ஆளைக் கொல்லும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஒன்றரைக் கிலோ வரை கரி வேண்டும். சிரட்டைக்கரி இதற்கு மிக உகந்தது: கெட்டியானது, சாம்பல் குறைவு. தென்னை நாட்டுக்கு அது ஒரு சிறு ஆறுதல். ஆனால் கரி கிடைத்ததால் மட்டும் வண்டி ஏற்றம் ஏறிவிடாது. காற்றோடு கலந்த கரிவாயு ஒரு சிலிண்டருக்குள் கொண்டுவரும் வெப்பம், பெட்ரோல் கலவை கொண்டுவருவதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதையும் உலையிலும் வடிகட்டியிலும் பட்டு இளைத்துத்தான் என்ஜின் உறிஞ்சும். மொத்தத்தில் திறன் பாதியளவுக்குச் சரிந்துவிடும். வில்லுக்குறிக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே செம்மண் மேடுகள் ஏறி ஏறி இறங்குவதை இன்றைய வண்டிகளில் போகிறவர்கள் உணர்வதேயில்லை. கரிவண்டியில் ஆண்கள் இறங்கி நடந்தார்கள், தள்ளினார்கள். இதைச் சொல்லிச் சிரிக்கும் முதியவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

தள்ளுவது பயணிகளின் பங்கு. ஓட்டுநரின் பங்கு வேறு. அதுதான் நம் கட்டுரையின் மையம்.

பெட்ரோல் என்ஜினில் பிஸ்டன் மேலேறிக் கலவையை அழுத்துகிறது. பிளக்கில் தீப்பொறி விழுகிறது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பள்ளிப்பாடம் இவ்வளவுதான். பாடத்தில் விட்டுப்போன சொல் 'எப்போது'. கலவை ஒரேயடியாக வெடிப்பதில்லை. பொறி விழுந்த இடத்திலிருந்து சுடர் ஒரு விளிம்பாகப் பரவுகிறது, வைக்கோல் போரில் தீ பரவுவது போல. அதற்கு நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும் என்ஜினில் கிராங்க் ஒரு நொடியில் 9000 பாகை திரும்புகிறது. சுடர் பரவி அழுத்தம் கூடுவதற்குள் அது இருபது முப்பது பாகை கடந்துவிடும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விழவேண்டும். உச்ச அழுத்தம் பிஸ்டன் உச்சியைத் தாண்டிப் பதினைந்து பாகை அளவில் இறங்கும்போது வந்தால் வேலை நன்றாக நடக்கும். இந்த முன்னேற்பாட்டைத்தான் பட்டறைகளில் டைமிங் என்கிறார்கள். பொறியை முந்தவைப்பது அட்வான்ஸ், பிந்தவைப்பது ரிடார்ட்.

பிந்தினால் தீ வீணாகப் பின்னால் துரத்தும். திறன் குறையும், புகைக்குழாய் சுடும். முந்தினால் வேறோர் ஆபத்து. பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கையில் எரிந்த பகுதி விரிந்து, எரியாமல் மூலையில் எஞ்சிய கலவையை நசுக்கிச் சூடாக்குகிறது. ஓர் எல்லைக்கு மேல் அந்த மூலைக் கலவை சுடர் வந்து சேரும்வரை காத்திருக்காது. தானே ஒரு கணத்தில் பற்றிக்கொள்ளும். அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் மோதி மோதித் திரும்பும். வெளியே நமக்கு அது ஒரு தகரப் பெட்டிக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போலக் கேட்கிறது. நாக்கிங் என்று உலகம் முழுக்க வழங்கும் சொல் இதற்குத்தான். சிறிது நேரம் என்றால் பாதகமில்லை. தொடர்ந்தால் பிஸ்டனின் தலை கரையான் அரித்தது போலக் குழிந்து, ஒருநாள் துளை விழும்.

கரிவாயு இந்த விதிகளை எல்லாம் தலைகீழாக்கியது. அதன் சுடர் சோம்பேறி. நைட்ரஜன் கலந்த கலவையில் மெல்லத்தான் ஊரும். ஆகவே பொறியை மிகவும் முந்தவைக்கவேண்டும், முப்பத்தைந்து நாற்பது பாகை வரை. நல்ல வேளையாக அது எளிதில் நாக்கிங் அடிக்காது. பெட்ரோலைவிட எவ்வளவோ அழுத்தத்தைத் தாங்கும். அதனால் இழந்த திறனைக் கொஞ்சமாவது மீட்க சிலிண்டர் தலையைச் சீவி அழுத்த விகிதத்தை உயர்த்தினார்கள். சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. உலை சூடாகும்வரை வண்டியைக் கிளப்ப ஒரு சொட்டுப் பெட்ரோல் வேண்டும். கடும் ஏற்றத்தில் பங்கீட்டுப் பெட்ரோலைக் கொஞ்சம் கலந்து சமாளிக்கவும் வேண்டியிருக்கும். அக்காலப் பெட்ரோலோ தரம் குறைந்தது. சீவிய தலையும் நாற்பது பாகை அட்வான்ஸும் உள்ள என்ஜினில் அதை ஊற்றினால் உடனே நாக்கிங் கிளம்பிவிடும். கரிக்கு ஒரு நேரம், பெட்ரோலுக்கு இன்னொரு நேரம், கலந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு நேரம். கரியின் ஈரம் மாறினால் அதுவும் மாறும்.

இதை அளக்க அவர்களிடம் கருவி எதுவும் இல்லை. பழைய ஃபோர்டு டி வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கம் பொறி நேரத்துக்கென்றே ஒரு நெம்புகோல் இருந்தது. 1930களின் ஷெவர்லே வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தில் எரிபொருளின் தரத்துக்கேற்பத் திருப்பிவைக்க ஒரு சிறு அளவுகோல் இருந்தது. மற்றபடி காதுதான். நாக்கிங்கையும் தளர்ந்த பேரிங்கின் தட்டலையும் டேப்பட்டின் டிக்டிக்கையும் பிரித்தறியும் காது. ஏற்றத்தில் மெல்ல முந்தவைத்து, கூழாங்கல் ஓசை எழும் விளிம்பைத் தொட்டு, ஒரு மயிரிழை பின்னால் இழுத்து நிறுத்துவது. நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிசெய்வதற்கு ஒப்பான வேலை இது என்று சொன்னால் இசை வாசகர்கள் கோபித்துக்கொள்ளலாம். நமக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அவர்களில் எவரும் இதை எழுதிவைக்கவில்லை. பக்கத்தில் நின்ற கிளீனர் பார்த்துக் கற்றுக்கொண்டான். பெட்ரோல் திரும்பி வந்ததும் அவனும் மறந்துபோனான்.

நாக்கிங்கின் வரலாறு மட்டும் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் மின்பொறி முறையைப் புகுத்தியபோது, இந்த ஓசைக்கே அவருடைய கருவிதான் காரணம் என்று எதிரிகள் பழித்தார்கள். அந்தப் பழியைத் துடைக்கவே அவர் தாமஸ் மிட்ஜ்லியை ஆராய்ச்சிக்கு அமர்த்தினார். குற்றவாளி எரிபொருள் என்பது தெரிந்தது. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ, ஓடிக்கொண்டிருக்கையிலேயே அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய ஒரு சோதனை என்ஜினைக் கட்டி எரிபொருள்களை ஒவ்வொன்றாகத் தரம் பிரித்தார். போர்னியோவில் கிடைத்த எண்ணெய் மற்றவற்றைவிட நாக்கிங்கைத் தாங்குவதைக் காட்டியவர் அவர்தான். பின்னர் கிரகாம் எட்கர் கொடுத்த ஆக்டேன் அளவுகோல் இந்தத் தாங்கும் திறனுக்கு எண் தந்தது. ஹெப்டேன் சுழியம், ஐசோ ஆக்டேன் நூறு.

மிட்ஜ்லி 1921 டிசம்பரில் மருந்தைக் கண்டுபிடித்தார். பெட்ரோலில் துளியளவு டெட்ரா எத்தில் ஈயம் கலந்தால் நாக்கிங் அடங்கியது. 1924இல் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அந்த ஈயத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். ஆனாலும் விற்பனை நின்றது சில காலமே. சாராயம் கலந்தாலும் நாக்கிங் அடங்கும் என்பது அப்போதே தெரியும். சாராயத்தை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், ஈயத்துக்குக் காப்புரிமை உண்டு என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

இந்த ஈயப் பெட்ரோலின் உச்சகட்ட வேலை சூப்பர்சார்ஜர் பூட்டிய விமான என்ஜின்களில் நடந்தது. சூப்பர்சார்ஜர் என்பது என்ஜின் உறிஞ்சுவதற்குக் காத்திராமல் காற்றை வலிந்து திணிக்கும் சுழல்விசிறி. உயரத்தில் காற்று மெலியும்போது அது இன்றியமையாதது. ஆனால் காற்றை அழுத்தினால் அது சூடாகும். மிதிவண்டிக்குக் காற்றடித்தவர்களுக்கு பம்பின் அடிப்பகுதி சுடுவது தெரியும். சிலிண்டருக்குள் நுழையும்போதே சூடாகவும் அடர்த்தியாகவும் இருக்கும் கலவை நாக்கிங்கின் வாசலில்தான் நிற்கிறது. பொறியைப் பிந்தவைக்கலாம், அப்போது திணித்ததன் பயனில் ஒரு பகுதி புகைக்குழாயில் போகும். அழுத்த விகிதத்தைக் குறைக்கலாம். காற்றைக் குளிர்விக்கலாம். அல்லது நல்ல எரிபொருள் ஊற்றலாம். 1940இல் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜினுக்கு நூறு ஆக்டேன் பெட்ரோல் வந்ததும் திணிக்கும் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு ஆறு பவுண்டிலிருந்து பன்னிரண்டாக்கினார்கள். அதே என்ஜின், ஏறத்தாழ 1030 குதிரைத்திறனுக்குப் பதில் 1300 கொடுத்தது.

கன்னியாகுமரியிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அவற்றை எதிர்த்து மேலெழுந்த ஹரிக்கேன் விமானங்களில் இருந்தவை மெர்லின் என்ஜின்கள்தாம். கடலுக்கு அந்தப் பக்கம் உலகின் மிகச் சிறந்த பெட்ரோலைக் குடித்து, காற்றை வலிந்து திணித்து, நாக்கிங்கின் விளிம்பில் ஓடிய என்ஜின். இந்தப் பக்கம் பெட்ரோல் மறுக்கப்பட்டு, வாயுவை இழுக்கவே மூச்சு வாங்கி, அதே விளிம்பைக் காதால் தேடிய என்ஜின். இரண்டும் ஒரே போரின் இரு முனைகள். கரிவாயு நாக்கிங்கைத் தாங்கும் என்பதால் அதற்குத்தான் சூப்பர்சார்ஜர் சாலப் பொருந்தும் என்பது இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பியப் பொறியாளர்கள் கரிவண்டிகளில் அதையும் முயன்றார்கள். நம் பக்கத்துச் சாலைக்கு எட்டக்கூடிய விலையில் அது இருக்கவில்லை. இயற்கை மட்டும் தன் பங்கைச் செய்தது. ஆரல்வாய்மொழியில் இரு மலைகளுக்கிடையே நெருக்குண்டு பாயும் ஆடிக்காற்று இன்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அன்று எதிரே வந்த கரிவண்டிகளை அது நகரவிடாமல் நிறுத்தியிருக்கும்.

போர் முடிந்து பெட்ரோல் வந்தது. கரி உலைகள் பழைய இரும்புக்குப் போயின. பேருந்துகள் விரைவில் டீசலுக்கு மாறின. டீசலில் பொறியே கிடையாது. அழுத்தத்தின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். நாம் கேட்டு வளர்ந்த அந்தக் கடகடப்பு அதன் பிறவிக்குணம். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது வண்டிகளின் நிறம்தான் மாறியது, ஓசை மாறவில்லை. பெட்ரோல் வண்டிகளோ ஈயத்தைக் குடித்து ஓடின. அந்த ஈயம் சாலையோரத் தூசியில் இறங்கி, குழந்தைகளின் இரத்தத்தில் ஏறி, மூளை வளர்ச்சியைக் குறைக்கிறது என்பது தெளிவான பிறகும் பல்லாண்டுகள் அது தொடர்ந்தது. இந்தியாவில் 1995இல் பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பெப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் விலக்கப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. கூழாங்கல் ஓசையை அடக்க ஒரு நூற்றாண்டு கொடுத்த விலை அது. பழைய சாராயம் இப்போது எத்தனால் என்ற பெயரில் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்காகத் திரும்பி வந்திருக்கிறது.

ஈயம் போனபின் காது திரும்பி வந்தது என்றும் சொல்லலாம். 1930களில் மாசசூசெட்ஸில் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர், நாக்கிங் ஓசையின் சுருதி சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்தது என்று கணக்கிட்டுக் காட்டினார். எண்பது மில்லிமீட்டர் விட்டம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 6500 அதிர்வு. விட்டம் பெருத்தால் சுருதி இறங்கும், மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் உள்ள வேறுபாடு போல. சுருதி தெரிந்தால் அதை மட்டும் கேட்கும் கருவி செய்யலாம். 1978இல் ப்யூக் நிறுவனம் டர்போ பூட்டிய கார்களில் அதைச் செய்தது. பின்னர் ஸ்வீடனின் சாப் நிறுவனம் அந்தக் கருவியைக் கொண்டு டர்போ திணிக்கும் அழுத்தத்தையே கட்டுப்படுத்தியது. அழுத்தினால் மின்னூட்டம் தரும் ஒரு படிக வில்லை, என்ஜின் உடலில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டும் சில பாகை நேரம் மட்டுமே கணினி அதற்குக் காது கொடுக்கிறது. மற்ற நேரத்து வால்வு ஓசைகளைப் பொருட்படுத்துவதில்லை. நாக்கிங் கேட்டால் பொறியைச் சில பாகை சட்டென்று பின்னிழுக்கும். பிறகு கால் பாகை, அரைப் பாகையாக மெல்ல மெல்ல முன்னேறி மீண்டும் விளிம்பைத் தேடும். மார்த்தாண்டம் ஏற்றத்தில் கரிவண்டி ஓட்டுநரின் கை செய்ததும் இதேதான், வேகம் மட்டும் வேறு.

இன்று நாகர்கோவிலின் பட்டறைகளுக்கு வரும் மூன்று சிலிண்டர் டர்போ கார்களில் எல்லாம் இந்த வில்லை உண்டு. கூடுதல் திறனுக்காகக் கணினியின் கணக்கை மாற்றியெழுதும் இளைஞர்களுக்கும் அதன் சொல்லே வேதம். ஆனால் அந்த வில்லையைப் பிடித்திருக்கும் போல்ட்டை, பெரும்பாலான வண்டிகளில், இருபது நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில்தான் இறுக்கவேண்டும். தளர்ந்தால் அதற்குச் சரியாகக் கேட்காது. மிகையாக இறுகினாலும், இடையே ஒரு வாஷரோ பெயிண்டோ துருவோ இருந்தாலும் தவறாகக் கேட்கும். அளவுமானி பொருத்திய ஸ்பானர் இல்லாத பட்டறையில் அந்தப் போல்ட்டை மெக்கானிக் கை நிதானத்தில்தான் இறுக்குகிறார்.